பதினான்காம் கேள்வி

ஸ்ரீவைகுண்டம்
11.02.2024

மதிப்பிற்குரிய சுகிர்தா அக்காவுக்கு,

ஜுபைதா பீவியின் மகள் முஃபீதா எழுதுவது. நான் யாருக்கு எழுதினாலும் சலாம் சொல்லித்தான் தொடங்குவேன். உங்களுக்கு அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. அதனால் மனதில் சொல்லிக்கொண்டேன்.

தபால்தலை ஒட்டி நீங்கள் கொடுத்த ஆறு உறைகளில் இது முதலாவது. படிவத்தில் இருக்கும் பதிமூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி, உம்மாவின் கைநாட்டும் வாங்கி உள்ளே வைத்திருக்கிறேன். வாய் எவ்வளவு திறக்கிறது என்ற கேள்விக்கு, முகாமில் நீங்கள் காட்டியதுபோல உம்மாவின் விரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். மூன்று விரலும் போகிறது.

போனிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்று அன்று சொன்னீர்கள். போனில் எனக்குப் பேச்சு வராது. "ம்" என்று மட்டும் வரும். எழுதினால் கொஞ்சம் வருகிறது.

பீடி சுற்றும் பெண்களுக்கு வாய் பார்க்கும் முகாம் என்று நீங்கள் வந்தீர்களே, அன்று உம்மாவின் இடது கன்னத்துக்குள் இருந்த வெள்ளைப் படையில் டாக்டர் செந்தில்முருகன் இரண்டு கிள்ளு எடுத்தார். ஒன்று ஆஸ்பத்திரி பாட்டிலுக்கு, ஒன்று உங்கள் பாட்டிலுக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டு வந்துவிட்டது. புற்று இல்லை, வெற்றிலை போடுவதை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உம்மா அந்தச் சீட்டை ரேஷன் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்துவிட்டார்கள். வெற்றிலையை நிறுத்தவில்லை.

உங்கள் பாட்டிலில் போட்டது என்ன ஆயிற்று அக்கா? கெட்ட செல் இருந்தால் தங்கப்பொடி போய் ஒட்டிக்கொள்ளும், வெளிச்சத்தில் மின்னும் என்று அன்று சொன்னீர்கள். உம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்கள். "காதுல கெடந்த தங்கமே போயாச்சு, இப்பம் கன்னத்துல போட்டுப் பாக்குதாவளாம்" என்கிறார்கள். சிரித்தாலும், படுக்கும்போது என்னிடம், "மின்னுச்சா இல்லையான்னு அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேளுளா" என்றார்கள். அதனால் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ர. முஃபீதா


திருநெல்வேலி
26.02.2024

அன்புள்ள முஃபீதாவுக்கு,

சலாம் என்று தாராளமாக எழுது. எனக்கும் யாராவது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் என்று படிவத்தில் போட்டிருக்கிறாய். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஆய்வகத்தில் ஒருவரும் நம்பவில்லை.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆஸ்பத்திரி பாட்டில் உம்மாவுக்காக. எங்கள் பாட்டில், எங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக. அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அதில் தெரிவதை நோயாளிகளிடம் சொல்லக் கூடாது. தவறாக இருந்துவிட்டால் ஒருவரை வீணாகப் பயமுறுத்தியதாகிவிடும். உம்மா கைநாட்டு வைத்த தாளில் இது இருக்கிறது. வாசித்துக் காட்டியதே நீதான்.

முறையைச் சொல்லலாம். அதற்குத் தடை இல்லை. நான் பயன்படுத்தும் தங்கத் துகள் எவ்வளவு சிறியது என்றால், ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக நிறுத்தலாம். அந்த அளவுக்குப் போனால் தங்கம் மஞ்சளாக இருக்காது. பாட்டிலில் பார்த்தால் ரோஸ் சர்பத் நிறம். கெட்ட செல்லைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அதன்மேல் பூசிவிடுவோம். பிறகு தசையைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ரோஸ்கோப்பின் அடியில் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால், தசை இருட்டாகவே இருக்கும். துகள் ஒட்டிய இடம் மட்டும் புள்ளி புள்ளியாக எரியும். முதல் தடவை பார்த்தபோது நான் சாப்பிடக்கூடப் போகவில்லை.

உம்மாவை வெற்றிலையை விடச் சொல். பாக்குதான் வாயைக் கெட்டியாக்குகிறது. மூன்று விரல் குறையாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சுகிர்தா


ஸ்ரீவைகுண்டம்
14.04.2024

அன்புள்ள சுகிர்தா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது. இது இரண்டாவது உறை. மூன்று விரல் போகிறது, ஆனால் மூன்றாவது கொஞ்சம் இடிக்கிறது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் மூன்று என்றே போட்டிருக்கிறேன்.

நோன்பு நாளில் உம்மா பகல் முழுக்க வெற்றிலை தொடவில்லை. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு உட்கார்ந்தால் அடுத்த நிமிடம் பாக்குவெட்டி சத்தம் கேட்கும். "பகல் பூரா விட்டுட்டேம்லா, அது போதாதா ஒன் அக்காளுக்கு?" என்று கேட்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜனாபா சித்தி வேறு, "பீடிய மத்தவன் குடிக்கச் சுத்துதோம், நமக்குன்னு வெத்தல ஒண்ணுதானே இருக்கு" என்று தாளம் போடுகிறார்கள்.

என் படிப்பைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருந்தீர்கள். யாரும் நிறுத்தவில்லை அக்கா. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுத்தெல்லாம் தெரிகிறது. சத்தம் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாளும் நிற்க வைத்தார்கள். அதற்கு மறுநாள் நான் போகவில்லை. உம்மா எதுவும் கேட்காமல் பீடி இலைத் தட்டை என் மடியில் வைத்தார்கள். சவூதியில் வேலை பார்க்கும் வாப்பா தம்மாமில் இருந்து போனில் ஒரு நாள் கோபப்பட்டார்கள், அவ்வளவுதான்.

அனுமதி இல்லை என்று நீங்கள் எழுதியதை உம்மாவிடம் சொன்னேன். "அப்பம் மின்னியிருக்கும்" என்றார்கள். இல்லை உம்மா, விதி அப்படி என்றேன். "ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு சொல்ல எதுக்குளா விதி?" என்று கேட்டார்கள்.

உங்கள்,
முஃபீதா


திருநெல்வேலி
02.05.2024

முஃபீதா,

இதை ஆய்வகத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். படித்ததும் கிழித்துவிடு.

முகாமில் பாட்டில்களில் எண் ஒட்டியது நான். அதனால் முப்பத்தொன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருக்கக் கூடாது. நேற்று முப்பத்தொன்றைப் பார்த்தேன். இதுவரை பார்த்த எதுவும் அப்படி எரியவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்த கிள்ளு ஓரத்தில் இருந்து வந்திருக்கலாம். உம்மாவைத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கூட்டிக்கொண்டு போ. ஆழமாக இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல். யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லாதே.

சுகிர்தா


ஸ்ரீவைகுண்டம்
02.06.2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போய் வந்தோம். முடிவும் வந்துவிட்டது. புற்று இல்லை.

சந்தோஷமாக எழுத வேண்டிய வரி இது. ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உம்மா வரமாட்டேன் என்றார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் நின்று உள்ளே போனதும் டாக்டரம்மா பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லன்னுதான போட்டிருக்கு, மறுபடி எதுக்கு வந்தீங்க? யாரு சொன்னது?" என்று என்னைக் கேட்டார்கள். உம்மா என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். கடைசியில் உம்மாவே, "எம் மவளுக்குப் பயமா இருக்காம், எடுத்துப் பாத்துருங்கம்மா" என்றார்கள்.

ஆழமாக எடுத்தார்கள். இரண்டு தையல். பத்து நாள் கஞ்சித்தண்ணீர்தான். தையல் காய்ந்ததும் கன்னம் உள்ளே இழுத்துக்கொண்டது. இப்போது இரண்டரை விரல். அரை என்று எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

உம்மா திட்டினால்கூடப் பரவாயில்லை. ஜனாபா சித்தியிடம் மட்டும், "பெத்த மவளே கூட்டிட்டுப் போயி அறுக்க வச்சுட்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இரண்டாவது சீட்டும் பிளாஸ்டிக் கவருக்குள் போய்விட்டது.

அது ஏன் எரிந்தது அக்கா? நான் செய்த எதனாலாவது இருக்குமா? முகாம் அன்று காலையில் உம்மாவின் வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பாக இருந்தது. காலேஜில் இருந்து வருகிற அக்காமார் பார்ப்பார்களே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ரைஸ்மில் உமியைக் கருக்கி வைத்திருந்த உமிக்கரியை எடுத்து, உம்மாவை உட்கார வைத்து, பல்லும் கன்னமும் நானே அழுத்தித் தேய்த்துவிட்டேன். ரத்தம் வந்தது. பிறகு உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்க வைத்தேன். ரத்தம் வந்ததால் கேட்கிறேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்கள்,
முஃபீதா


திருநெல்வேலி
20.06.2024

அன்புள்ள முஃபீதா,

உன் கடிதம் வந்த அன்றே முப்பத்தொன்றை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

உமிக்கரியின் பொடி ரத்தம் வந்த இடம் வழியாகத் தசைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால் கரித் தூளும் ஒளியைச் சிதறடிக்கும். தங்கம் எரிவது ஆரஞ்சு நிறத்தில். கரி எரிவது வெள்ளையாக. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள்தான் நான். அன்று பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாக மங்கலாகவே தெரிந்த ஒன்று திடீரென்று அப்படி எரிந்ததும், அது தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பிழை உன்னுடையது இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் வாசலைக் கூட்டி வைப்பதுபோல நீ செய்தாய். காலையில் எதைக் கொண்டு பல் துலக்கினீர்கள் என்று எங்கள் படிவம் கேட்கவில்லை. உமிக்கரி வைத்திருக்கும் ஊருக்கு முகாம் போட வந்துவிட்டு அதைக் கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. இப்போது அது பதினான்காம் கேள்வியாகச் சேர்ந்துவிட்டது. நீ பார்க்க வேண்டும் என்பதற்காகப் புதுப் படிவம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முப்பத்தொன்றை நீக்கிவிட்டார்கள். முகாம்களுக்குப் போகும் வேலையில் இருந்து என்னையும். எண் நீங்கிவிட்டதால் நீ இனிமேல் படிவம் அனுப்ப வேண்டியதில்லை. எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே.

உம்மாவின் கன்னத்தில் போட்ட இரண்டு தையலும் நான் போட்டதுதான். அதை உம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சுகிர்தா


ஸ்ரீவைகுண்டம்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

படிவம் வேண்டாம் என்றீர்கள். மூன்று உறை மீதி இருக்கிறது. அதனால் நானே ஒரு தாளில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு விரல்.

நடுவில் எழுத வெட்கமாக இருந்தது. இப்போது எழுதாமல் இருக்கப் பயமாக இருக்கிறது. வலது பக்கம், நாக்குக்கு அடியில், பட்டாணி அளவுக்கு ஒன்று இருக்கிறது. தொட்டால் கல் மாதிரி. வலி இல்லையாம். ஆகஸ்டில் இல்லை. விரல் அளக்கிறேன் என்று சொல்லித் தடவித் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து அளக்க விடுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொன்னதும் உம்மா கவரை எடுத்துவந்து இரண்டு சீட்டையும் பாயில் வைத்தார்கள். "ரெண்டு தடவ வாயத் தொறந்து காட்டியாச்சு. ரெண்டு தடவயும் ஒண்ணுமில்லன்னு எழுதித் தந்தாச்சு. இனி யாருட்ட என்ன காட்டணும்?" என்றார்கள். இது வேறு இடம் உம்மா என்றேன். "வாய் ஒண்ணுதானளா" என்றார்கள்.

வாப்பாவிடம் போனில் சொன்னேன். நானே பேசினேன் அக்கா, முழு வாக்கியமாக. வாப்பா சொன்னார்கள், "போன தடவயும் நீதானம்மா இப்பிடிச் சொன்ன." ஜனாபா சித்தி, "தங்கத்த வச்சுப் பாத்தும் ஒண்ணும் ஆம்புடல, இனி வைரத்த வச்சா பாக்கப் போறாவ?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டார்கள். உம்மாவும் சிரித்தார்கள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறார்கள், அப்படி மூடும் பழக்கம் முன்பு கிடையாது.

நீங்கள் ஒருமுறை வாருங்கள். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

உங்கள்,
முஃபீதா


திருநெல்வேலி
05.11.2024

அன்புள்ள முஃபீதா,

வருகிறேன். டிசம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்னால் ஆய்வு அறிக்கை முடிக்காமல் விடமாட்டேன் என்கிறார்கள். அதுவரை காத்திருக்காதே. டாக்டர் செந்தில்முருகனிடம் பேசியிருக்கிறேன், எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவருடைய ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்றார். எப்படியாவது கூட்டிக்கொண்டு போ.

ஜனவரியில் நான் பெங்களூர் போகிறேன். வேறு ஆய்வகம். இந்த முகவரிக்கு வரும் கடிதங்களை அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுகிர்தா


ஸ்ரீவைகுண்டம்
22.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து, தப்பு என்னுடையதுதான் உம்மா என்று சொன்னபோது, உம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன செய்வ மக்கா, கரி கண்ட எடத்துலயும் ஒட்டத்தான செய்யும்" என்றார்களே, அதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று சந்தோஷப்பட்டேன். அடுத்து வாயைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். நீங்கள் டார்ச்சைக்கூடக் கையில் எடுத்துவிட்டீர்கள். உம்மா துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல சாப்புடு" என்றார்கள். நீங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பரிமாறினார்கள். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அது எந்தத் தொழுகையின் நேரமும் இல்லை. நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

நீங்கள் போனதும், ஏன் உம்மா காட்டவில்லை என்று அழுதேன். உம்மா சொன்னார்கள், "அந்தப் புள்ள மொகத்தப் பாத்தியா? ஒரு தடவ தப்பாச் சொல்லிட்டு எப்பிடி வாடிப் போயிருக்கு. இன்னொரு தடவயும் ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா அது தாங்காதுளா."

அப்படி இல்லாமல் ஏதாவது இருந்தால் உம்மா, என்று கேட்டேன்.

"இருந்தாலும் தாங்காது" என்றார்கள். தட்டை எடுத்து மடியில் வைத்து இலை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றரை விரல் என்று எழுதியிருக்கிறேன். அளந்தது இல்லை. இட்லியை எவ்வளவு சின்னதாகப் பிய்க்கிறார்கள் என்று பார்த்து எழுதியது. வெற்றிலையை விட்டுவிட்டார்கள். யார் சொல்லியும் இல்லை, உள்ளே போகவில்லை.

பெங்களூரில் குளிராக இருக்குமாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
முஃபீதா


ஸ்ரீவைகுண்டம்
23.02.2025

அன்புள்ள சுகிர்தா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இது கடைசி உறை. பழைய முகவரிக்குத்தான் போடுகிறேன். போன கடிதம் உங்களுக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை உம்மா தானாகவே புறப்பட்டார்கள். பால்கூட வழிந்துவிடுகிறது. பேச்சு எங்களுக்கு மட்டும்தான் புரியும். தெரிந்துகொள்ள டாக்டர் செந்தில்முருகனுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை அக்கா. நாங்கள் கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே எழுந்துவிட்டார். கழுத்து அப்படி வீங்கியிருந்தது.

"இவ்வளவு நாள் ஏம்மா வரல?" என்று கேட்டார். உம்மா பையில் இருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தார்கள். ரேஷன் அட்டையை ஒதுக்கிவிட்டு, இரண்டு சீட்டையும் மேசைமேல் அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் இரண்டையும் எடுத்துத் தேதிகளைப் பார்த்தார்.

பிறகு நான் பேசினேன். உமிக்கரியில் இருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். "நீ சொல்லு, நீ சொல்லு" என்றார். சொல்லி முடித்ததும், திறந்த அளவு வாய்க்குள்ளிருந்து மெல்லிய இடுக்கியால் ஒரு கிள்ளு எடுத்தார்கள்.

மதுரைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வாப்பா வருகிறார்கள், டிக்கெட் போட்டாகிவிட்டது. அறுவை செய்ய முடியுமா என்று அங்கே பார்த்துத்தான் சொல்வார்களாம். அடுத்த வாரம் நோன்பு. உம்மா நோன்பு வைக்கலாமா என்று எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. அவர்களே குழறிக் குழறிச் சொன்னார்கள், இப்போதே நோன்புதானே என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கையால் மூடவில்லை.

நீங்கள் ஜூனில் அனுப்பிய புதுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கிறேன். வாய் திறப்பு: விரல் போகவில்லை, சின்னக் கரண்டியின் காம்பு போகிறது.

பதினான்காம் கேள்வி, இன்று காலை எதைக் கொண்டு பல் துலக்கினீர்கள் என்பது. துலக்கவில்லை. வெந்நீரில் பஞ்சை நனைத்து நான் துடைத்துவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான், வேறு எதுவும் தொடவில்லை. அன்று அவர்கள் எடுத்த கிள்ளு சுத்தமாக இருக்கும். அதிலிருந்து உங்களுக்குக் கொஞ்சம் வேண்டுமானால் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உம்மாவிடம் கேட்டுவிட்டேன், தலையாட்டினார்கள். கைநாட்டும் வைத்திருக்கிறார்கள்.

எண் போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

உங்கள்,
முஃபீதா